நாலாம் மாடி வராந்தா

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். மகள் வீட்டில் நீங்களும் நலமென்று அவள் போனில் சொல்கிறாள். பதினெட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், நல்ல செய்திதான். நீங்கள் வரைந்து கட்டிய இந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்துவிட்டார்கள். கான்கிரீட் பூதம் என்று ஊரே திட்டியதை இப்போது மாணவர்கள் கூட்டமாக வந்து தடவிப் பார்க்கிறார்கள். ஒரு பெண் பூச்சில்லாத சுவரில் கன்னத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். மழைக்கு என் படுக்கையறை ஒழுகுவதை அவளிடம் சொல்லவில்லை.

மே மாதம் விழா. நீங்கள் வந்து பேச வேண்டுமாம். கடிதம் எழுதும் வேலையைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார்.

இப்படிக்கு,
வாயாடி

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

"அம்மா எழுதியிருக்காங்கப்பா" என்று கொடுத்த மகள், நான் உறையைப் பிரிக்கும்வரை நகரவேயில்லை.

கண்டிப்பாக வருகிறேன். விழாவை விடு, எனக்கு வராந்தாவைப் பார்க்க வேண்டும். மாடிக்குப் பன்னிரண்டு வீடு, எல்லாக் கதவும் சமையலறை ஜன்னலும் ஒரே அகல வராந்தாவைப் பார்த்துத்தான் திறக்க வேண்டும் என்று எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றேன்! ஞாயிற்றுக்கிழமை இன்னும் பொதுச் சமையலறையில் சேர்ந்து சாப்பிடுகிறீர்களா? பக்கத்து வீட்டு நர்ஸக்கா எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
பிடிவாதக்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

வந்து பார்த்து நொந்துபோவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அந்த வராந்தா இப்போது இல்லை. ஒவ்வொரு வீடும் தன் வாசலுக்கு முன்னால் பாதியை வளைத்துச் சுவர் எழுப்பிவிட்டது. ஒரு ஆள் நடக்கத்தான் வழி.

முதல் சுவர் என்னுடையது.

வேறு ஊரில் அடுத்த கட்டடம் என்று நீங்கள் கிளம்பினீர்கள், நான் வர மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு, காய் நறுக்க உட்கார்ந்தால் ஜன்னலில் ஒரு முகம். "அவரு எப்ப வராரு? ஏதாவது சொன்னாரா?" அந்தப் பரிதாபம் எனக்குத் தாங்கவில்லை. எந்த மாற்றத்துக்கும் உங்கள் கையெழுத்து வேண்டும் என்பதால் உங்களுக்கே விண்ணப்பம் அனுப்பினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள். "அவங்களுக்கு மட்டும்தானா?" என்று மற்றவர்களும் சுவர் எழுப்பக் கிளம்பிவிட்டார்கள்.

நர்ஸக்கா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். தனியாக இருந்தார், குளியலறையில் விழுந்திருக்கிறார். சுவருக்கு அப்பால் குழாய் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "அக்கா குழாய மூடாமப் போயிட்டாங்க போல" என்று பால்காரரிடம்கூடச் சொன்னேன். மூன்றாம் நாள்தான் போய்க் கதவைத் தட்டினேன். முதல் நாளே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வாயாடி

ஏப்ரல் 15

வாயாடி,

அதை நீ ஒருத்தியே சுமக்காதே. அந்த விண்ணப்பம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுக்க நூறு காரணம் இருந்தது. சுவர்தானே வேண்டும், வைத்துக்கொள் என்ற ஆத்திரத்தில் வரைபடத்தைக்கூடப் பிரிக்காமல் போட்ட கையெழுத்து அது. ஊரார் சேர்ந்து வாழ வழி சொன்னவனுக்கு, உனக்கு என்ன கஷ்டம் என்று ஒரு வரி எழுதிக் கேட்கத் தெரியவில்லை.

விழாவுக்கு வர மாட்டேன். அந்த மேடையில் பேச எனக்கு வாய் வராது. அது முடிந்தபின் உன்னை மட்டும் பார்க்க வரலாமா? வேண்டாமென்றால் பதில் எழுதாதே, புரிந்துகொள்வேன்.

பிடிவாதக்காரன்

மே 20

அன்புள்ள உங்களுக்கு,

விழா முடிந்தது. மறுநாளே என் சுவரை இடிக்கக் கொத்தனாரைக் கூட்டிவந்தேன். கட்டடத்தைப் பாதுகாக்கும் துறையின் அதிகாரி ஓடி வந்து தடுத்துவிட்டார். "இப்ப எப்படி இருக்கோ அப்படியேதாம்மா இருக்கணும். சுவரும் பட்டியல்ல ஏறிடுச்சு." இனி உங்கள் கையெழுத்தும் செல்லாதாம். கொத்தனார் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

வர வேண்டாம் என்று எழுதி நாலு தாள் கிழித்தாயிற்று. வாருங்கள் என்று எழுதவும் கை வரவில்லை.

பெரிய பெட்டி கொண்டுவராதீர்கள். வழி குறுகல், வாசலில் திரும்பாது.

வாயாடி