வெட்டாத காட்டுக்கு முத்திரை கேட்ட பேரவை

வெண்முகட்டு நாட்டுக்கு உரியவனும் பனிச்சுனைகளின் காவலனுமாகிய எயினங்கோன், நீள்கரை நாட்டுப் பேரரசரும் வான்கலங்களின் தலைவருமாகிய பரிதிவேளுக்கு விடுக்கும் ஓலை. உமது துறைமுகம் நிறைக. உமது குடிகள் பசியறியாதிருக்க. உமது பிள்ளைகள் நோயின்றி வளர்க.

வாழ்த்து முடிந்தது, இனி வயிற்றெரிச்சல். இந்தக் காலத்து மனிதர் செய்வதையும் விடமாட்டார்கள், செய்ததற்கு வருந்துவதையும் விடமாட்டார்கள். பாக்கு வாங்கவும் பறக்கிறார்கள். கலங்களின் புகையைக் குறைக்க நீர் கூட்டிய பேரவைக்கே வேந்தர்கள் ஆளுக்கொரு கலத்தில் வந்திறங்கினர். சமையற்காரருக்குத் தனிக் கலம் கொணர்ந்தவரும் உண்டு. புகை கலைந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவே உச்சிப்பொழுதாயிற்று.

நான் வந்த காரணம் உமக்குத் தெரியும். உங்கள் கலங்கள் எரிக்கும் எண்ணெயின் கரி எங்கள் பனிமீது படிகிறது. கறுத்த பனி வெயிலைக் குடித்து, விதைக்கும் முன்னரே உருகி ஓடிவிடுகிறது. கதிர் பால்பிடிக்கும் வேளையில் சுனையில் ஈரம் இல்லை. சென்ற அறுவடையில் என் குடிகள் அறுத்தது பதர்.

உம் அமைச்சர் நன்னாகனார் பொறுமையாகத்தான் விளக்கினார். நாட்டுக்குள் எழும் புகை அந்நாட்டு வேந்தர் பொறுப்பாம். எல்லை தாண்டிய புகை எவர் பொறுப்பும் அன்றாம். அப்படியானால் எங்கள் பனிமேல் விழுவது யார் வீட்டுக் கரி என்று கேட்டேன். அவையோர் சிரித்தனர். கிழவருக்கு யாரேனும் மோர் கொடுங்கள் என்றார் தென்தீவு அரசர். மோரைக் குடித்தேன், விடை மட்டும் வரவில்லை.

பின்னர் ஒப்பந்தம் வந்தது, இரண்டு ஏடுகளாக. முதல் ஏட்டில், கரி குறைந்த வித்தெண்ணெயைக் கலங்களில் சிறிது சிறிதாகக் கலப்பதென்று இருந்தது. நல்லது. எப்போது முதல் என்றதற்கு, இயன்றபோது என்றார் அமைச்சர். இரண்டாம் ஏட்டில், கூடுதலாகப் பறப்போர் அப்புகைக்கு ஈடாக ஒரு காட்டை வெட்டாமல் காத்தால் போதும் என்று இருந்தது. எந்தக் காடு? எங்கள் முன்னோரைப் புதைத்த தேவதாருச் சோலை! அதற்குள் கோடரியோடு போனவன் எங்கள் நாட்டில் எவனும் இல்லை. அதை நான் வெட்டவிருந்ததாகவும், உங்கள் பொருட்டு விட்டுவிட்டதாகவும் முத்திரையிட வேண்டுமாம். இட்டால் நீங்கள் இன்னும் தாராளமாகப் பறப்பீர்கள். இடாவிட்டால் எண்ணெய் ஏடும் செல்லாது, கரி இன்றுபோலவே விழும் என்று நன்னாகனார் தணிந்த குரலில் தெரிவித்தார். அவர் கெட்டவர் அல்லர், களைத்தவர். நானும்தான்.

இரண்டு ஏடுகளையும் மறுபடி படித்தேன். என் பாட்டனை வெட்ட நினைத்தேன் என்று எழுதிக்கொடுத்தால் என் பேரனுக்கு ஒரு குடம் தண்ணீர் கிடைக்குமா? கிடைக்கும் என்று இரண்டு ஏடுகளிலும் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே முதல் ஏட்டில் முத்திரை இட்டேன். இரண்டாவதை வெறுமையாகத் திருப்புகிறேன். ஒன்று செல்ல மற்றொன்றும் வேண்டும் என்பது உங்கள் விதி. எழுதியவர்கள் மாற்றியும் எழுதலாம்.

எம் ஆணை இது: வெண்முகட்டு நாட்டின் ஒற்றைக் கலம், பேறுகாலத்தில் தவிக்கும் பெண்டிருக்கும் நோயாளருக்கும் அன்றி வேறெவர்க்கும் எழாது. எனக்கும் எழாது.

எயினங்கோன் சொல்ல எழுதி, கவரிமா முத்திரை அரக்கில் பதித்தது.

என்னை ஊருக்கு ஏற்றிச் செல்ல நீர் அனுப்பிய கலத்தைத் திருப்பிவிட்டேன். இது உம் கையில் சேரும்போது நான் மலைப்பாதையில் இருப்பேன். எண்ணெயை மாற்றுவீர் என்று நம்பி முத்திரை இட்டேன் என எண்ண வேண்டாம். நம்பவில்லை.