வருகை தராத அணி

என் அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறக்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள், பார்த்துவிட்டு இவ்வளவு சுருக்கம் எப்ப வந்துச்சு, டாக்டர் ஆளை மாத்தி நிறுத்திட்டாரான்னு நர்ஸிடம் கேட்டாள். மாடியில் குடியிருக்கும் தையல்காரர் சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கிவந்து, இப்போது குளியலறைக் குழாயும் சேர்ந்து ஒழுகுகிறது. பேரனுக்கு இருமல் என்றாயே, விட்டதா, அவனுக்கு மருந்து கொடுக்கிற அவசரத்தில் நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. இதெல்லாம் போனில் சொல்லக்கூடியதுதான். ஆனால் நீயும் நானும் போனில் பேசுவது உனக்கே தெரியும், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், இந்தா அம்மாகிட்ட குடுக்கிறேன், அவ்வளவுதான். பதினைந்து வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். உன் வயதுதான் இருக்கும், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, காலில் தூசி, எல்லை தாண்டி ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். நம் வட்டாரத்துப் பதினான்கு நாடுகளையும் கட்டி மேய்க்கும் கால்பந்துக் கூட்டமைப்பு, அதுதான் நான் லீவு போட்டுப் போட்டு, ஆட்டத்தை மேற்பார்த்து அறிக்கை எழுதும் மேட்ச் கமிஷனராக அலைந்த அதே கூட்டமைப்பு, பழைய ஆட்டங்களின் விவரத்தையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்துவிட்டது. அவள் தன் அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். அவர் ஒரு கோல்கீப்பர். அவர் பெயரில் கடைசியாக இருக்கும் ஆட்டத்தில் மூன்றுக்குப் பூஜ்யம், பக்கத்தில் வருகை தராத அணி என்று போட்டு, அதன் கீழே கமிஷனர் என்று என் பெயர். அவள் சண்டைக்கு வரவில்லை, குட்டிம்மா. அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள், எங்கப்பா வரலைன்னு போட்டிருக்கு அங்கிள், அவரு வந்துக்கிட்டுதானே இருந்தாரு என்று. கமிஷனர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவருக்கு விபத்துச் செய்தி வந்திருந்தது என்று நிரூபணமானால், அதை விபத்தால் கைவிடப்பட்ட ஆட்டம் என்று மாற்றுவார்களாம். அந்தக் கமிட்டி வரும் பத்தாம் தேதி கூடுகிறதாம், அதற்கப்புறம் பழைய கோப்புகளைப் பூட்டிவிடுவார்களாம். உங்களுக்கு ஏதாவது தகவல் வந்துச்சா அங்கிள் என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு எதுவும் வரலையேம்மா என்றேன். அவள் எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நன்றி சொன்னாள், அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உனக்கு அன்றைய தினம் எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உனக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை, அப்பாவோடு வருவேன் என்று அடம்பிடித்து வந்தாய். ஆட்டத்துக்கு முன் வெளியூர் அணியின் உடைமாற்றும் அறையைக் கமிஷனர் சோதிக்கவேண்டும், அப்போது பெஞ்சில் பதினெட்டுத் துண்டுகளை மடித்து வைத்திருந்தார்கள், ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு சோப்பை நீதான் எண்ணி வைத்தாய். நாலு மணிக்கு ஆட்டம். அவர்கள் வரவில்லை. விதிப்படி முப்பது நிமிடம் காத்திருக்கவேண்டும், அதற்குப் பிறகு வராத அணிக்குத் தோல்வி, மூன்றுக்குப் பூஜ்யம். நான் மைதானத்து ஓரத்தில் நடுவரோடு நின்றேன், உன்னை ஆபீஸ் அறையில் உட்காரச் சொல்லியிருந்தேன். நாலு இருபதுக்கு நீ ஓடிவந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தாய். அப்பா, போன்ல ஒரு மாமா அழுவுறாரு, பஸ் உருண்டுடுச்சாம், லேட்டாகுமான்னு கேட்டேன், வரவே மாட்டாங்கன்னு சொல்றாரு என்றாய். ஒரு எழுத்து பிசகாமல் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் ஒரு அணி இப்படித்தான் பஸ் கெட்டுப்போச்சு என்று போன் செய்து, எதிரணியை இரண்டு மணி நேரம் வெயிலில் வாட்டிவிட்டு, சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டு வந்து ஜெயித்துவிட்டுப் போனது. போனை நம்பி ஆட்டத்தைத் தள்ளியதற்குத் தலைமை அலுவலகம் என்னை வறுத்தெடுத்தது. அதிலிருந்து கமிஷனர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம், போன் வந்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவது, அறிக்கையில் ஏற்றுவதும் இல்லை. ஏற்றினால் அலுவலகத்தைக் கேட்காமல் முடிவு சொல்லமுடியாது, ஒருநாள் வேலை ஒரு வாரம் இழுக்கும். இந்தத் தடவை ஏமாறமாட்டேன் என்ற வீம்பு எனக்கு. போனே வரல, புரிஞ்சுதா, யார் கேட்டாலும் வரலைன்னுதான் சொல்லணும் என்று உன் தோளை அழுத்தினேன். நாலரைக்கு நடுவர் விசில் ஊதினார். காலியாகக் கிடந்த பாதி மைதானத்தைப் பார்த்துக் கூட்டம், பயந்தாங்கொள்ளிப் பசங்க என்று கத்தியது. நான் கையெழுத்துப் போட்டேன். திரும்பிப் போகும்போது நான் வாங்கிக்கொடுத்த பன்னை நீ சாப்பிடவே இல்லை. ஆறு மணிக்கு ரேடியோவில் சொன்னான், டிரைவரும், அந்தக் கோல்கீப்பரைச் சேர்த்து நாலு ஆட்டக்காரர்களும் போய்விட்டார்கள் என்று.

நான் காத்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்கமாட்டார்கள், அதைச் சொல்லிச் சொல்லித்தான் இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டினேன். ஒரு வரி எழுதியிருக்கவேண்டும், அவ்வளவுதான், அதைக்கூடச் செய்யவில்லை. பிறகு கூட்டமைப்பு நடத்திய விசாரணையிலும், எனக்குத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உன்னை யாரும் கேட்கவில்லை. அந்த அறையின் போன் இன்றைக்கும் எனக்கு அடிக்கிறது, குட்டிம்மா. சாயங்காலம் நாலு இருபது வாக்கில், அம்மா டீ போடும் நேரத்தில், கூடத்திலிருந்து கேட்கும். நம் வீட்டில் கம்பி போட்ட அந்த மாதிரி போனைக் கழற்றி எட்டு வருஷம் ஆகிறது, ஆனாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். டாக்டர் வீட்டில் காலி நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தால் எண்ணாமல் உட்காரமுடியாது. போன வருஷம் மாடியில் துணி காயப்போடப் போனேன், தையல்காரர் பெஞ்சில் துண்டுகளை மடித்து அடுக்கியிருந்தார், பதினெட்டு இல்லை, ஆறோ ஏழோதான், ஆனாலும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து, சார், வெயிலா என்றார். ஆமாம் என்றேன். அந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, அவர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள், நான் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டேன், இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது, கணக்கு வாத்தியார் நான், ஆனாலும் பயமாக இருக்கிறது.

அந்தப் பெண் போன மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷமாக அவளுக்கும் தெரியாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பத்து வயசுப் பிள்ளை வாயை அடைச்சுட்டு, அவ ஏன் எங்கிட்ட பேசமாட்டேங்கிறான்னு வருஷக்கணக்கா என்னையே கேட்டுக்கிட்டு இருந்தீங்களா என்றாள். அந்த நாளுக்குப் பிறகு நீ ஒரு மைதானத்துக்கும் வரவில்லை, பள்ளியில் நடந்ததைச் சாப்பாட்டு மேஜையில் ஒப்பிப்பாய், அதையும் நிறுத்தினாய். பெரியவளாகிறாள், அப்படித்தான் இருப்பாள் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லவேண்டும் என்று வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், சொன்ன ஒரு பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கினேன்.

கூட்டமைப்புக்கு எழுதிக் கேட்டேன், வாக்குமூலப் படிவம் அனுப்பினார்கள். உன்னைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று முதலில் நினைத்தேன், கேட்டால் நீ வேண்டாம்ப்பா, உங்க பேரு கெட்டுடும் என்பாய், அந்தச் சாக்கை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் பூர்த்திசெய்து இன்று காலை நானே தபாலாபீஸில் பதிவுத்தபாலில் சேர்த்துவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன். பத்தாம் தேதிக்கு முன் போய்ச் சேர்ந்துவிடும். பழைய கமிஷனர்களின் கௌரவப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுப்பார்கள், பழைய சகாக்கள் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போவார்கள், பேப்பரில் வந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியவரும், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கோல்கீப்பரின் மகளுக்கும் ஒரு நகல் போட்டிருக்கிறேன், நேரில் பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசி. நோய்நொடி இல்லாமல், வாய்விட்டுப் பேசிச் சிரித்துக்கொண்டு இருங்கள். அவன் ஓடிவந்து ஏதாவது சொன்னால், கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டுக் கேள். ஒன்று மட்டும் மறக்காதே, கமிட்டியிலிருந்து உன்னை விசாரித்தால் நடந்ததை அப்படியே சொல், எனக்காக ஒரு சொல்லைக்கூடக் குறைக்காதே. படிவத்தில் ஏழாவது கேள்வி, செய்தியை முதலில் பெற்றவர் யார் என்பது. அதில் இப்படி எழுதினேன்: என் மகள், வயது பத்து. கேட்டதைக் கேட்டபடி என்னிடம் வந்து சொன்னாள். அவள் சொன்னது உண்மை.

இப்படிக்கு,
உன் அப்பா