ப்யூக்கை மூணு தடவை கேக்கணும்

மினசோட்டா
ஏப்ரல் மாசம், செவ்வாய்க்கிழமை

என் அருமை மாரிட்டுக்கு,

அப்பா எழுதுறேன். நான் இங்கே நல்லாத்தான் இருக்கேன், முழங்கால் தன் பாட்டுக்கு முனகிக்கிட்டிருக்கு, அதைக் கணக்குல சேக்காதே. நீயும் மாப்பிள்ளை கில்பர்ட்டும் அந்த அரிசோனா வெயில்ல வாடாம வதங்காம இருந்தா எனக்கு அதுவே போதும். எழுத்து என்ன இவ்வளவு பெருசுன்னு சிரிக்காதே. தடிப் பேனாவுல எழுதினாத்தான் நான் எழுதினது எனக்கே தெரியுது, தபால்காரன் இந்தக் கவரைத் தூக்கிப் பாத்துட்டு கிழவன் புத்தகம் எழுதி அனுப்புறான்னு நெனைச்சுக்கப் போறான். ஏரியில ஐஸ் இன்னும் முழுசா உடையல, ஆனா போன வாரம் நல்ல மழை, குளிர்காலம் பூரா பனி உருக ரோட்டுல கொட்டின, வண்டியைத் துருப்பிடிக்க வைக்கிற உப்பையெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடுச்சு. அந்த மழைக்கு அப்புறம்தானே நம்ம வீட்டுல ப்யூக் காரை வெளியே எடுக்கிறது. இந்த வருஷமும் கொட்டகையைத் திறந்து போர்வையை எடுத்துட்டு சாவியைத் திருப்பினேன், ஒரே இருமல், எந்திரிச்சு உக்காந்துடுச்சு. வாசல் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தேன். அதுக்கு மேல ஓட்ட எனக்கு அனுமதி இல்ல.

இதைப் போன்ல உன்கிட்ட சொல்லல. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்துல ஒரு சின்னப் பொண்ணு ஒரு மெஷினைக் காட்டி இதுல கண்ணை வெச்சு மேல் வரியைப் படிங்கன்னா, எந்த வரிம்மான்னு கேட்டேன், அதோட முடிஞ்சுது கதை. பாவம், அவதான் கண் கலங்கிட்டா, நான் அவளைச் சமாதானப்படுத்திட்டு வந்தேன். நேராப் பாத்தா நடுவுல காபிக்கறை பட்ட மாதிரி இருக்கு, ஓரம் மட்டும் பளிச்சுன்னு தெரியுது. வயசுல வர்றதுதான், முழுக் குருடா ஆகிட மாட்டீங்க, ஆனா வண்டியை மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். உடனே பதறாதே. முட்டை பொரிச்சுக்கறேன், துணி துவைச்சுக்கறேன். கடைக்கு லவோன் கூட்டிட்டுப் போறா, அதான், உன் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டுவாளே, இப்போ ரிட்டயர் ஆயிட்டா, ஆனா பஸ் ஓட்டின பழக்கத்துல இன்னமும் ரயில் தண்டவாளத்தைப் பாத்தா வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் தாண்டுறா. கிறிஸ்துமஸுக்கு நீ போன் பண்ணினப்ப ப்யூக் உனக்கு வேணுமான்னு கேட்டேனே, எதுக்குக் கேட்டேன்னு இப்போ புரிஞ்சிருக்கும். வேண்டாம்ப்பா, எனக்கு நிறுத்த இடம் எங்கே இருக்குன்னு நீ சொன்னே. அப்புறம் அதே மூச்சுல, நீங்க இங்கேயே வந்துடுங்கப்பா, பின்பக்கத்து ரூம் சும்மாதான் கிடக்குன்னே. நான், வேண்டாம்மா உங்களுக்கு எதுக்கு சிரமம்னேன். சரிப்பா உங்க இஷ்டம்னு சொல்லிட்டே. அப்புறம் பனி எவ்வளவு விழுந்துச்சுன்னு பேசிட்டு வெச்சுட்டோம்.

சரி, ப்யூக் கதைக்கு வர்றேன். விளம்பரம் குடுத்தேன். 1956 மாடல், ரெண்டு கதவு, நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப், ஒரே கைப் பழக்கம், உப்பு மிதிச்சதே இல்லைன்னு போட்டேன். சிகாகோவிலேர்ந்து ஒருத்தன் வந்தான். பேரு மறந்துட்டேன், நல்ல சட்டை போட்டிருந்தான். வந்தவன் வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி பாக்கெட்லேர்ந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவு முழுக்க ஒட்டி ஒட்டிப் பாத்தான், பெயின்ட்டுக்கு அடியில எங்கேயாவது மக்கு பூசி மறைச்சிருக்கான்னு. எங்கே வெச்சாலும் அப்பிக்கிச்சு. மேல வெள்ளையும் கீழே இளம்பச்சையும் கடையில வந்த அதே பெயின்ட், தேய்ச்சுத் தேய்ச்சு மூக்குல மட்டும் கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. கண்ணாடி நாலையும் இறக்கிப் பாத்தான், முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் குறுக்கே ஒரு கம்பி இல்லாம திறந்து கிடந்துச்சு, அதைப் பாத்தப்ப மட்டும் மனுஷன் மாதிரி சிரிச்சான். பின்சீட்டுல அந்த ரோஸ் கறையைப் பாத்து இது என்னன்னான். என் மகள்னேன். ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் குடிச்சுட்டு நீ வாந்தி எடுத்த இடம், உன் அம்மா எத்தனை சோடா உப்பு போட்டும் போகல. அதை அவன் குறிச்சு வெச்சுக்கல.

அப்புறம் அவன் ஒரு விலை சொன்னான். நல்ல விலைதான், ரொம்ப நல்ல விலை. நான் நம்ம ஊர்க்காரனாச்சே, அய்யோ அவ்வளவெல்லாம் பெறாதுங்கன்னேன். நம்ம ஊர்க்காரன்னா என்ன பண்ணியிருப்பான்? இல்ல இல்ல, நீங்க வாங்கியே ஆகணும்னு ரெண்டாவது தடவை சொல்லுவான், நான் இன்னொரு தடவை மறுப்பேன், மூணாவது தடவை சொல்றப்ப நான் தரையைப் பாத்துக்கிட்டு, சரி உங்க திருப்திக்குன்னு சொல்லுவேன், விஷயம் முடிஞ்சிருக்கும். இவன் என்னடான்னா, நீங்களே சொல்றீங்கன்னா சரி, குறைச்சுக்கலாம்னு கொஞ்சம் கீழே இறங்கிட்டான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுக்கில்லீங்க, இதை விக்கிறதா வேண்டாமான்னே தெரியலன்னு நான் ரெண்டாவது மறுப்பைச் சொன்னேன். புரியுதுங்க, கட்டாயப்படுத்த மாட்டேன்னு கையைக் குலுக்கிட்டுப் போயே போயிட்டான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. அவனுக்குன்னு போட்ட காபி மேசையில ஆறிக்கிட்டிருந்துச்சு, அதையும் அவன் வேண்டாம்னான், நான் மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் வேண்டாம்னான். அந்த ஆளுக்கு வேண்டாம்னா வேண்டாம்தான். இப்படியும் மனுஷங்க இருக்காங்க.

உன் அம்மா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. அவளே எப்படி எனக்குக் கிடைச்சா தெரியுமா, இதை உன்கிட்ட அவ முழுசா சொல்லியிருக்க மாட்டா. ப்யூக் வாங்கின அந்தக் கோடையில ஏரிக்கரையில நிறுத்தி, கண்ணாடி எல்லாத்தையும் இறக்கிவிட்டுட்டு, என்னைக் கட்டிக்கிறியா ஆர்டிஸ்னு கேட்டேன். அய்யோ, உங்களுக்கு எதுக்கு என்னைக் கட்டிக்கிட்டுன்னா. ரெண்டாவது தடவை கேட்டேன், வேற நல்ல பொண்ணாப் பாருங்கன்னா. மூணாவது தடவை கேக்க எனக்கு வாய் வரல, நிஜமாவே வேண்டாம்னு சொல்றாளோன்னு ஒரு பயம். அதுக்குள்ள கொசுக் கூட்டம் உள்ளே புகுந்து பிச்சு எடுக்குது, நடுவுல தூண்கூட இல்லாத வண்டி, கொசுவுக்குக் கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுச்சு. அவ கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டே, பால்மர், கேக்கறதுன்னா சீக்கிரம் கேளுங்கன்னா. கேட்டேன். சரின்னா, முதல்ல கண்ணாடியை ஏத்துங்கன்னா. அந்த மூணாவது தடவையை நான் கேக்காம விட்டிருந்தா நீ ஏது, பின்சீட்டுல கறை ஏது.

சிகாகோக்காரன் போன அன்னிக்கு அவன் கப்பைக் கழுவிக்கிட்டிருந்தப்பதான் எனக்கு உறைச்சுது. உன்கிட்ட நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கேன். நீ வேண்டாம்னே, நான் விட்டுட்டேன். நீ சொன்னது நம்ம ஊரு வேண்டாமா, இல்ல அரிசோனா வேண்டாமா? நீ அங்கே போயி இத்தனை வருஷம் ஆச்சு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ற பழக்கம் உனக்கும் வந்திருக்கும். ஆனா சின்ன வயசுல நீ கடைசிக் கேக் துண்டைப் பாதியா வெட்டி, அந்தப் பாதியைப் பாதியா வெட்டி, யாரும் எடுத்த மாதிரி தெரியக் கூடாதுன்னு கடைசியில ஒரு நகக்கணு அளவு தட்டுல விட்டு வெச்சவ. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவை கேட்டுட்டு விட்டது தப்புதான். அதனால இப்போ ரெண்டாவது தடவை கேக்கறேன் மாரிட், ப்யூக் உனக்கு வேணுமா? போன்ல கேட்டா நீயும் உடனே பதில் சொல்லிடுவே, நானும் வாய் தவறி மழையைப் பத்திப் பேசிடுவேன், அதான் கடிதம்.

அவசரம் என்னன்னா லவோன். அவளுக்கு அந்தக் கார் மேல ஒரு கண்ணு, சர்ச் வாசல்ல அதைச் சுத்தி வராம அவ வீட்டுக்குப் போனதில்ல. விளம்பரம் வந்த அன்னிக்கு ஒரு தட்டு எலுமிச்சைக் கேக் துண்டு சுட்டு எடுத்துக்கிட்டு வந்தா, ஒரு மணி நேரம் ஐஸ் எப்போ உடையும்னு பேசினா, கதவுல கையை வெச்சுக்கிட்டு, அந்தக் காரை நம்ம ஊர்லயே யாருக்காவது குடுக்கிற யோசனை இருந்தா சொல்லு பால்மர்னா. உனக்கெதுக்கு அந்தப் பழசுன்னேன். மறுபடி வந்தா, மறுபடி கேட்டா, அது பெட்ரோலைத் தண்ணியா குடிக்கும்னேன். ஆக ரெண்டு முடிஞ்சுது. இப்போ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை பிரார்த்தனை முடிஞ்சதும் தட்டை வாங்க வர்றேன்னிருக்கா. எதுக்கு வர்றான்னு எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். மூணாவது தடவை கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது, சொன்னா அப்புறம் இந்த ஊர்ல யார் மூஞ்சியில முழிக்கிறது? அவ நல்லாத்தான் வெச்சுக்குவா, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா உனக்கு வேணும்னா அவளே டேங்க்கை நிரப்பி அனுப்பி வெப்பா, பெத்த மகளுக்கு அப்புறம்தான் மத்தவங்கன்னு அவளுக்கும் தெரியும். அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி உன் பதில் எனக்கு வரணும்.

உங்க ஊர்ல உப்புப் போட மாட்டாங்க, துருங்கிற பேச்சே இருக்காது, இன்னொரு நாப்பது வருஷம் அது அப்படியே இருக்கும். இடம் இல்லைன்னு சொல்லாதே, கொட்டகையில கழட்டி வெச்ச கித்தான் பந்தல் இருக்கு, மாப்பிள்ளை நாலு கம்பி நட்டுக் கட்டிடுவார். வந்து எடுத்துக்கிட்டுப் போகணும்னா அவ்வளவு தூரம் நீ தனியா ஓட்டக் கூடாது. எந்த மேட்டுல அது எப்படி இரையும், எப்போ தண்ணி ஊத்தணும்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். எனக்கு நேரா இருக்கிறது தெரியாதே தவிர ஓரமெல்லாம் நல்லாத் தெரியும், ஜன்னலோரம் உக்காந்து போறவனுக்கு அது போதாதா?

வெயில்ல தொப்பி இல்லாம வேலைக்குப் போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. உன் அம்மா மேல இருந்து பாத்துக்கிட்டிருக்கா, கடவுள் உங்க ரெண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாம வெச்சுக்கட்டும்.

இது மூணாவது தடவை: ப்யூக் உனக்கு வேணுமா, மாரிட்?

மறந்துடாதே கண்ணு, நான் மூணும் கேட்டு முடிச்சுட்டேன். அந்தப் பின்பக்கத்து ரூமைப் பத்தி நீ ஒரு தடவைதான் கேட்டிருக்கே.

உன் பதிலுக்குப் போன் பக்கத்துலயே உக்காந்திருக்கும்,
அப்பா
பால்மர் ரோக்னெஸ்