நரி அறியாத விரதம்

வைலே, டென்மார்க்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் நிறோஷினிக்கு,

நானும் சித்தியும் முருகன் புண்ணியத்தில் சுகம், ரொறன்ரோவில் நீயும் மருமகனும் அப்படியே இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைக்கிறோம். சித்திக்கு முழங்கால் நோ பரவாயில்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இரத்தம் சோதித்த டொக்டர் இது இளந்தாரியின் இரத்தம் என்று எழுந்து நின்று கைகொடுத்தார். ஆனாலும் மகள், கொஞ்ச நாளாகச் சோறு இறங்குதில்லை. விஷயம் உனக்குச் சைக்கிள் பழக்கிய பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா பிர்கித்தைப் பற்றியது.

எங்கள் பின்வளவுக்கு வரும் நரியின் வீடியோ அனுப்பினேனே, அதற்கு ஒருநாள் ஆட்டெலும்பு போடப்போய் பிறகு தினமும் பழகிவிட்டது. கதிர்காமத்தம்பி அண்ணை ஆட்கள் பார்க்க வந்தால், டென்மார்க்கிலேயே தமிழ் விளங்கும் நரி இது ஒன்றுதான் என்பேன். காட்டு மிருகத்துக்குத் தீன் வைக்காதே, பிறகு விலகாது என்று பிர்கித் சொன்னார். ஊரில் சிறுத்தையையே அடக்கியவன் நான் என்றேன். ஊரில் நான் அடக்கியது நாயைத்தான், அதுவும் கட்டியிருந்த நாய்.

பிறகு ஊரில் நல்லூர்க் கோயில் கொடியேறியது. திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை, சித்தி சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நரிக்கு யார் சொல்வது. பருப்பும் கத்தரிக்காயும் வைத்தேன், மணந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. சில நாள் வந்து வெறும் வயிற்றோடு போனது. ஒரு காலை பார்த்தால் பிர்கித்தின் கூட்டில் ஒரு கோழியும் மிச்சமில்லை. முதலில் கண்டது நான்தான். நரி எங்கள் வேலிப் பக்கமிருந்து கூட்டுக்கு அடியால் குழி தோண்டியிருந்தது. கொக்கி கொளுவியிருந்த கூட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்த்த நான், பழி எங்கள் வீட்டுக்கு வரப்போகுதென்ற பயத்தில் கதவை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் மண்வெட்டி எடுத்துக் குழியை மூடினேன், மேலே புல்லையும் பரப்பினேன். பிர்கித் வந்தபோது குழி இல்லை, கதவு மட்டும் திறந்து கிடந்தது. கொளுவ மறந்தது தான்தான் என்று நினைத்துவிட்டார். ஓகூஸ் நகரத்திலிருந்து அவரின் மகன் வந்து, பனிக்காலத்தில் அம்மா அடுப்பை நிற்பாட்ட மறந்ததையும் இதையும் சேர்த்து, இனி வயோதிபர் இல்லம்தான், வீட்டை விற்போம் என்று சொன்னான். நான் இந்தப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டபடி கேட்டுக்கொண்டு நின்றேன். பிர்கித் இப்போது வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறார், பிறகும் வந்து இழுக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை மகள்.

சித்தியிடம் சொன்னேன். நரிக்குத் தமிழ் படிப்பிச்ச வாயால போய் உண்மையைச் சொல்லுங்கோ, அதுவரைக்கும் என்ர கையால தேத்தண்ணியும் இல்லை என்றாள். நேற்றுப் போனேன். ஓநாய் ஒன்று வந்தது, கன்றுக்குட்டி உயரம் என்றுதான் தொடங்கினேன். பிர்கித் கோப்பி ஊற்றியபடி, பாலேந்திரா, உம்மட மிருகம் எல்லாம் ஏன் எப்பவும் இவ்வளவு பெரிசு என்றார். அதோடு எலும்பு, விரதம், குழி, கதவு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏசுவார் என்று குனிந்திருந்தேன். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்ப நான் கதவைக் கொளுவித்தான் இருந்தனானோ என்று கேட்டார். ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார். ஓம் என்றேன். அப்போதுதான் அழுதார். மகனுக்குப் போன் எடுத்து என் கையில் தந்தார், அவனுக்கும் சொன்னேன். யோசிக்கிறன் என்றான், அவ்வளவுதான். நரி இன்னும் வந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது, பழக்கியதும் நான், பட்டினி போட்டதும் நான்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ நல்லூரான் காக்கட்டும், வேலைக்குப் போகும்போது காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. மறக்காமல் பிர்கித்துக்கு ஒருக்கால் போன் எடு. நான் சொன்னதை நம்புகிறார், ஆனால் நான் எப்படிக் கதைக்கிறவன் என்பதும் அவருக்குத் தெரியும், தன்னைத் தேற்றத்தான் சொன்னேனோ என்று சந்தேகம் வந்துவிடும். கதவு கொளுவித்தான் இருந்தது, சித்தப்பா இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை என்று நீ சொல்லு மகள்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த சித்தப்பா
பாலேந்திரா