வார வியாழக்கிழமை

7-4-1942, செவ்வாய்

வெயில் கடுமை. கடற்காற்று நாலே காலுக்குப் பிறகே.

மகன் சிதம்பரம் குடும்பத்துடன் திருநெல்வேலிக்குப் புறப்பாடு. ஜப்பான் விமானம் பற்றிய பீதியில் ஊரே ரயிலடியில். எப்படியோ கிடைத்தவை ஐந்து இடங்கள். நாங்கள் ஆறு பேர். மருமகள் என் வேட்டிகளைப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "நான் பொறவு வாரேன். வீட்டையும் பாக்கணும்லா" என்று நானே சொன்னேன். வேட்டிகள் வெளியே வந்துவிட்டன.

சிதம்பரம் படியிறங்கும்போது: "அப்பா, வார வியாழக்கிழமை வந்து ஒங்களக் கூட்டிட்டுப் போயிருதேன்."

தேதி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

9-4-1942, வியாழன்

காலை ஐந்து முதல் வாசற்கதவருகே நாற்காலியில். "வார வியாழக்கிழமை" என்பது இன்றா, 16-ஆ? செவ்வாயன்று சொன்ன சொல். அவர்கள் ஊர் சேர்ந்தது புதன். அன்றே திரும்ப வண்டி ஏறினால் இன்று வரலாம், முடியாததன்று. ஆனால் மனிதன் குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், பிள்ளைகளை ஓரிடத்தில் அமர்த்த வேண்டும். ஆகவே 16 என்று கொள்வதே முறை.

அவ்வாறு தீர்மானித்தது காலை எட்டரைக்கு. இருப்பினும் இருட்டும் வரை வாசலிலேயே. குளிக்கவில்லை.

11-4-1942, சனி

புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை.

தமுக்கு அடித்துச் சென்றார்கள். பட்டணத்தில் அவசியமான வேலை இல்லாதவர்கள் வெளியேறலாமாம். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. துறைமுகத்தில் சரக்கு எண்ணிய குமாஸ்தா. அவசியமில்லாதவர் பட்டியலில் முதற்பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

தெருவில் 22 வீடுகள். பூட்டியவை 19. மளிகைக் கடை பூட்டு. பால் இல்லை. தபால்காரர் புதன் முதல் காணோம். தோட்டிகளும் இல்லை, கொல்லையில் நானே குழி தோண்டினேன். கிணற்றிலிருந்து முப்பத்தெட்டு அடி, அளந்தே. தோண்டி முடிக்க இரண்டு மணி நேரம், நடுவில் நான்கு முறை உட்கார்ந்தேன்.

கைவசம்: அரிசி ஒரு மாதத்துக்கு. பருப்பு கொஞ்சம். புளி, உப்பு போதும். தீப்பெட்டி 3. மண்ணெண்ணெய் அரைப் புட்டி. விறகு ஐந்து நாளைக்கு. காய்கறி: ஒரு வாழைக்காய், அதுவும் கறுத்தது.

கைவண்டி தள்ளிச் சென்ற இருவர் பேச்சு, ஜன்னல் வழியே:

"இன்னா மாமு, ஜப்பான்காரன் கரையில எறங்கிட்டான்னா இன்னா பண்ணுவ?"

"மீனு வோணுமான்னு கேப்பேன். வேற எவன் கீறான் வாங்கறதுக்கு?"

தனியாக இருந்து சிரித்தேன். சத்தம் விநோதமாக இருந்தது.

12-4-1942, ஞாயிறு

தெருக்குழாயில் தண்ணீர் நின்றது. காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டியவள் அஞ்சலை, எதிர்ச்சாரிக் குடிசையில் இருப்பவள். காசிமேட்டில் மீன் விற்பவள், விதவை. எட்டு ஆண்டுகளாக எதிரெதிரே இருந்தும் பேசியதில்லை. நாங்கள் சைவம், அவள் கூடை வரும்போது மருமகள் ஜன்னலைச் சாத்துவது வழக்கம். கிணற்று நீர் கேட்டாள்.

கேட்டதும் கொடுப்பதா? ஒழுங்கு வேண்டும். அட்டையில் ஐந்து விதிகள் எழுதிக் கிணற்றுத் தூணில் கட்டினேன். நேரம் 6 முதல் 8. மீன் கூடை உள்ளே வரலாகாது. வாளி தரையில் படலாகாது. கயிறு எங்களுடையது. கால் கழுவி வரவேண்டும்.

"இன்னா ஐயரே எய்திக்கீற? எனக்குப் படிக்கத் தெரியாதே."

படித்துக் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு:

"கால கய்வினு வரணுமா? கய்வறதுக்குத் தண்ணி இல்லன்னுதானே உன் வூட்டுக்கு வந்துகீறேன்!"

ஐந்தாம் விதியை அடித்துவிட்டேன். நான் ஐயர் அல்லன் என்பதையும் தெரிவித்தேன். "கறி மீனு துன்னாதவன் எல்லாம் ஐயருதான்" என்று போய்விட்டாள்.

14-4-1942, செவ்வாய்

விஷு வருஷம் முடிந்தது. சித்திரபானு பிறந்தது நேற்றா, இன்றா? புதுப் பஞ்சாங்கம் வாங்கவில்லை. விற்ற கடையும் பூட்டு. கேட்க ஒருவரும் இல்லை. என் அறுபத்தெட்டு வயதில் வருஷம் பிறந்த நாள் தெரியாமற்போனது இதுவே முதல் தடவை. இரண்டு நாளும் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

விறகு தீர்ந்தது, கணக்கிட்டதற்கு ஒரு நாள் முன்னதாக. அஞ்சலை வழி சொன்னாள்: ஆளுக்கொரு அடுப்பு எரிப்பது தண்டம். அவளுடைய கொழுந்தன் கன்னியப்பன் கரையில் ஒதுங்கும் கட்டைகளையும் உடைந்த சரக்குப் பெட்டிகளையும் கொண்டுவருவான். அரிசி என்னுடையது. அடுப்பு அவள் வாசலில், ஒன்றே, நாலு மணிக்கு. இருட்டினால் நெருப்புத் தெரியக்கூடாது என்று உத்தரவு.

மீன் சட்டி அருகே என் சோறா என்று தயங்கினேன். கண்டுகொண்டாள்.

"பயந்துக்காத. உனுக்குத் தனிச் சட்டி. புச்சு."

ரயில் பாதையோரம் பறித்த மூக்கிரட்டைக் கீரை. புளி விட்டுக் கடைந்தது. ஆறு நாட்களில் முதல் கறி. இந்தக் கீரையை நாற்பது வருஷம் மிதித்து நடந்திருக்கிறேன்.

கிணறு வற்றினால் என்ன செய்வது என்று கேட்டதற்குக் கன்னியப்பன், அலை எட்டாத இடத்தில் மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும் என்றான். இவர்களுக்கு ஊர் அழிந்தாலும் ஒரு மாதம் போகும். எனக்கு இவர்கள் இல்லாமல் ஒரு வாரம் போகாது. இதை எழுத வெட்கமே.

15-4-1942, புதன்

காற்று இல்லை. நாளை வியாழன்.

பெட்டி கட்டியாயிற்று. வேட்டி 4, துண்டு 2, மூக்குக் கண்ணாடி, விபூதிப் பை, காலஞ்சென்ற என் மனைவியின் படம். முகச் சவரம் நானே செய்துகொண்டேன். தாடையில் இரண்டு வெட்டு.

கன்னியப்பன் கடலில், அஞ்சலை கரையில். பிற்பகல் முழுவதும் மனிதக் குரல் கேட்கவில்லை. மூன்று மணிக்கு, "ஏப்ரல் பதினைந்து, புதன்கிழமை" என்று உரக்கச் சொன்னேன். சொல்வது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

நாளையும் வாசலில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. எழும்பூருக்கே சென்றுவிடுவது. தெற்கிலிருந்து வரும் வண்டி எதுவாயினும் அங்குதான் வரவேண்டும். அவன் இவ்வளவு தூரம் நடக்கும் சிரமமும் குறையும்.

16-4-1942, வியாழன்

எழுதுவது மாலை 6-20. வெளிச்சம் சிறிதே உள்ளது.

காலை 4-50க்கு வீட்டைப் பூட்டிப் புறப்பட்டேன். நடை. எழும்பூர் 6-35. போகும் வண்டிகளில் கூரை மேலும் ஆட்கள்; வரும் வண்டிகள் காலி. இறங்கியவர்களை ஒருவர் விடாமல் பார்த்தேன். சிதம்பரத்தின் நடை உள்ளவர் ஒருவர், முகம் வேறு. நாலரைக்குத் தெருவுக்குத் திரும்பினேன். வழியில் இருமுறை உட்கார நேர்ந்தது.

தெரு முனையிலேயே அஞ்சலை.

"எங்க பூட்ட? உன் புள்ள வந்துட்டுப் பூட்டான்யா!"

ரயிலில் அல்ல, லாரியில். இரண்டரை மணிக்கு. அவன் மைத்துனன் கடைச் சரக்கை ஏற்றிப்போக வந்த லாரி. என் நாற்காலிக்கும் சேர்த்து இடம் விட்டு வைத்திருந்தானாம். பூட்டைப் பார்த்தான். கொல்லைப்புறம் ஏறிக் கூப்பிட்டான். தெரு முழுக்கத் தேடினான். இருட்டிய பின் விளக்குப் போட்டு ஓட்டக் கூடாது என்று டிரைவர் அவசரப்படுத்தினான். நாலு மணி வரை நின்றிருக்கிறார்கள்.

"தானே ரயிலேறிப் பூட்டாரு போலகீதுன்னான். எனக்கு இன்னா தெரியும்? நீ சொன்னாத்தானே தெரியும்! அயுதுட்டான்யா அந்தப் புள்ள. எதுத்தாப்ல குந்திகினு கீறேன், ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னா கொறஞ்சி பூடுவ? நான் இன்னா மரமா?"

சொல்லிச் செல்ல இங்கே யாரும் இல்லை என்றுதான் எண்ணியிருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

கீரைச் சட்டியை மூடி வைத்திருந்தாள். உண்ணவில்லை.

17-4-1942, வெள்ளி

வெயில். பாதம் இரண்டும் வீக்கம். எழுந்திருக்கவில்லை.

அஞ்சலை கேளாமலே உள்ளே வந்து தண்ணீர் இறைத்து வைத்தாள். நேரம் 9-10. விதிகளைப் பற்றி நினைவு வந்தது.

18-4-1942, சனி

சிதம்பரத்துக்குக் கடிதம். நான் உயிருடன் இங்கேயே உள்ளேன் என்ற செய்தி முதல் வரியில். "இனி கிழமை மட்டும் சொல்லாதே, தேதியும் சொல்" என்று எழுதினேன். பிறகு அடித்தேன். அவன் சொன்ன கிழமையில் பிழை இல்லை. வந்துதான் இருந்தான்.

அடித்தல் தெரிந்ததால் மறுபடி நகல் எடுத்தேன்.

அஞ்சலை: "இன்னா எய்தின?" படித்துக் காட்டினேன். "நான் சோறு போடறேன்னு எய்தலியா?" எழுதவில்லை என்பது உண்மை. சேர்த்தேன்.

20-4-1942, திங்கள்

மந்தாரம். வீக்கம் வடிந்தது.

இங்குள்ள தபாலாபீஸ் பூட்டு. பாரிமுனைப் பக்கம் ஒன்று திறந்திருப்பதாகக் கன்னியப்பன் சொன்னான். காலை 8-15க்குப் புறப்பாடு. வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த அஞ்சலையிடம், தபாலாபீஸ் செல்கிறேன், கடற்கரைச் சாலை வழியாக, திரும்பப் பதினொன்றரை ஆகும், அதற்குள் யார் வந்தாலும் உட்காரவைக்க வேண்டும் என்று தெரிவித்தேன். சாவியையும் கொடுத்தேன்.

"சரி சரி, போய்ட்டு வா. கப்பலா ஏறப்போற?"

தெருக்கோடி ஆலமரம் வரை நடந்த பிறகு, என் கால் இருக்கும் நிலையில் பதினொன்றே முக்கால் ஆகக்கூடும் என்று தோன்றியது. திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.