பட்டதென்று வெட்டிய ரோசா

பெப்ரவரி 3, 1997

காலையில் மழை. பிறகு நல்ல வெயில். மலைப்பக்கம் மட்டும் கறுப்பு. தண்ணீர் வரும் நாள், தாங்கி நிரப்பியாயிற்று. யன்னல்கள் துடைக்க வேண்டும்.

சிசிலியின் இந்த மொண்டெல்லோ குளிர்காலத்தில் உறங்கும் ஊர். கடற்கரையில் நாய்களும் நாங்களும்தான்.

என் மனைவி ஜெசி ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாகப் போகிறது. ஏழு வருசம் கடிதத்தில் கதைத்த மனுசி, நேரில் கதை வரமாட்டேன் என்கிறது. என் சேட்டுகளை விருந்தாளியின் உடுப்பு மாதிரி மடித்து வைக்கிறாள். குழம்பு நல்லாயிருக்கு என்றேன். ஓம் என்றாள். அவ்வளவுதான்.

பகல் முழுக்க இந்த ஒற்றை அறைக்குள். தோட்டத்துக் கோடியில், முந்திக் கார் விட்ட இடம். வீட்டுக்காரச் சின்யோரா, நான் அவரிடம் வீட்டு வேலைக்குச் சேர்ந்தபோது ஒழித்துத் தந்தது. பெரிய வீட்டுச் சமையலறையில் சின்யோராவின் கோப்பைகளைத் தொடவேண்டாம் என்று நேற்றும் ஜெசிக்குச் சொன்னேன். விலை கூடினவை.

வாங்க: சவர்க்காரம், வெங்காயம், ஜெசிக்குக் கம்பளிக் காலுறை.

பெப்ரவரி 5

சின்யோராவின் ரோசாவை ஜெசி வெட்டிவிட்டாள்.

நான் சந்தைக்குப் போன நேரம். திரும்பி வந்தால் மதில் ஓரம் வெளித்துக் கிடக்கிறது. ஆள் உயரப் பற்றை, இப்போது கணுக்காலளவு நாலு கட்டை. பக்கத்தில் முள்ளுத் தடிகளை அழகாகக் கட்டி அடுக்கியிருக்கிறாள். கையில் என் மரமரியும் கைவாள். முகத்தில், வந்த நாளுக்கு முதல்முறையாக, ஒரு சந்தோசம்.

பட்ட மரம் என்று நினைத்தாளாம். இலையில்லை, தடியெல்லாம் சாம்பல் நிறம். அந்த இடத்தில் மிளகாய் வைக்கலாமென்று.

கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேனோ தெரியாது. அவள் வாளைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

"வந்த நாள் தொடக்கம் இதைத் தொடாதை, அதைத் தொடாதை எண்டுதான் சொல்லுறியள். இஞ்சை என்ரை கைக்கு எண்டு என்ன இருக்கு?"



சின்யோரா மேல்மாடத்திலிருந்து பார்த்திருக்கிறார். சாதாரணமாக ஒரு கரண்டி விழுந்தாலே தெரு கேட்கப் பேசுகிறவர். இன்றைக்கு உள்ளே போய் யன்னலைச் சாத்தினார். நான் வைத்த கோப்பி ஆறிக் கிடந்தது.

பெப்ரவரி 6

காற்று. குளிர்.

மருந்துக் கடைக்காரப் பெண் சொல்லித்தான் தெரியும். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த வருசம் சின்யோரா தானே நட்ட ரோசாவாம். மாமியார் அங்கே எலுமிச்சைதான் வைக்கவேண்டும் என்று நின்றாராம். இவர் விடவில்லை. பூக்கிற மாதங்களில் மணம் தெருவரைக்கும் வருமாம். வருமாம் என்ன, எனக்கே தெரியும். அந்த மணத்துக்குள்ளால்தானே நான் ஒவ்வொரு மே மாதமும் என் மற்ற வேலைக்கு, ரெஸ்டோரண்டுக்கு, போயிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

ஜெசியின் பெர்மெசோவுக்கு, இங்கே தங்கும் அனுமதிக்கு, இந்த அறையில்தான் இருக்கிறாள் என்று சின்யோரா கையெழுத்து வைத்துத் தரவேண்டும். அடுத்த மாதம் கொடுக்கவேணும். இப்போது எந்த முகத்தோடு கேட்பது? சின்யோராவின் மகன் மிலானோவிலிருந்து போன் எடுத்தால், இவர்களை அனுப்பு என்றுதான் சொல்லுவான்.



பெப்ரவரி 8

நான் குளித்துவிட்டு வர அறையில் ஆளில்லை. பெரிய வீட்டுக் குசினியில் கதைச் சத்தம். ஜெசி! மேசையின் ஒரு பக்கம் அவள், மற்றப் பக்கம் சின்யோரா. அவள் தமிழில், அவர் சிசிலி மொழியில். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்கவுமில்லை. நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

பிறகு கேட்டேன், என்ன சொன்னீர் என்று.

"உண்மையைச் சொன்னன். பட்டுப்போச்சு எண்டு நினைச்சன், மிளகாய்க்கு இடம் பாத்தன் எண்டு. வேறை என்ன சொல்லுறது?"

சின்யோரா என்ன சொன்னா என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும். அழுதா. பிறகு பிஸ்கட் தந்தா."

சின்யோராவின் நல்ல கோப்பையில்தான் இருவரும் கோப்பி குடித்திருக்கிறார்கள். கழுவி வைத்தது நான்.

பெப்ரவரி 12

நகரத்துக்குப் போகும் தெருவில் பூக்கண்டு விற்கிற கிழவரைச் சின்யோரா வரவழைத்தார். கிழவர் மண்ணில் முழங்கால் குத்தி இருந்து, விரலால் கட்டையைச் சுற்றிக் கிளறினார். வேர் நல்ல உயிரோடுதான் இருக்கிறதாம். கட்டாயம் துளிர்க்குமாம்.

ஆனால் ஒரு பயம். ஒட்டுக் கண்டு என்றால், ஒட்டின இடத்துக்கு மேலே பழைய ரோசா, கீழே காட்டு ரோசா. ஜெசி வெட்டினது மேலேயா கீழேயா? அவருக்கும் பிடிபடவில்லை, அவ்வளவு பழைய கட்டை. காட்டு ரோசா என்றால் ஒற்றை இதழ், மணமும் பேருக்குத்தான். பூத்தால்தான் தெரியும் என்று கையைத் துடைத்தார்.

இந்த வருசமே பூக்குமா என்று சின்யோரா கேட்டார். கிழவர் தோளைக் குலுக்கினார்.

ஜெசிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெப்ரவரி 23

ஞாயிறு. தமிழ்ப் பூசைக்குப் பிறகு மலைக்கு ஏறினோம், சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயிலுக்கு. சனம் குறைவு. ஜெசி செருப்பைக் கழற்றி நடந்தாள். ரோசாவுக்கு நேர்த்திக்கடன் வைக்கிறீரோ என்று பகிடியாகக் கேட்டேன்.

"ஒரு பூக்கண்டுக்கு நேர்த்தி வைக்கலாமோ?"

கேள்வியா பதிலா தெரியவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லுப் பாதை. கல்லு முடிந்த பிறகும் விடவில்லை.

மார்ச் 9

துளிர்!

சிவப்பு, அரிசியளவு. ஜெசிதான் கண்டது. என்னை உலுக்கி எழுப்பி, பல்லு விளக்கவும் விடாமல் கூட்டிப் போனாள். சின்யோராவும் இரவுச் சட்டையோடு வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வரவில்லை, திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

அப்படியே நிமிர்ந்து, நான் கேட்காமலே, பெர்மெசோவுக்குக் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, எப்போது போகவேணும், என் கையெழுத்து வேண்டாமா என்றார். தானே மறந்துவிட்டாராம், நான் ஏன் ஞாபகப்படுத்தவில்லை என்று ஏச்சு. வாங்கிக்கொண்டேன். இப்படி ஏச்சு வாங்கி எவ்வளவு காலம்.

மார்ச் 28

பெரிய வெள்ளி. உபவாசம். தண்ணீர் வராத நாள், ஜெசி அரிசி கழுவின தண்ணியை ரோசாவுக்கு ஊற்றினாள்.

தளிர் முழுக்கப் பச்சை நிறப் பூச்சி, பேன் மாதிரி. இரண்டு பேரும் குந்தியிருந்து சவர்க்காரத் தண்ணியில் துணி நனைத்துத் துடைத்தோம். நீண்ட நேர வேலை. அந்த நேரத்தில் ஜெசி சொன்னவை: அகதி முகாமில் இருந்த காலம். அவளுக்குக் காய்ச்சல் வந்தது, எனக்கு எழுதவில்லை. கடிதத்தில் எப்போதும் சுகம் என்று எழுதினது.

நானும் சொன்னேன். முதல் குளிர்காலம் ரயில் ஸ்தாசியோனேயில் படுத்ததை. நானும் சுகம் என்றுதான் எழுதினேன்.

பூச்சி முழுக்கப் போகவில்லை. நாளைக்கும் துடைக்கவேணும்.

ஏப்ரல் 17

சிரோக்கோ. ஆபிரிக்காவிலிருந்து வரும் சூட்டுக் காற்று, வாயெல்லாம் மண். விடியவே அடுப்புக்குள் நிற்கிற மாதிரி. ரோசாத் தளிர்கள் மத்தியானத்துக்குள் தலை தொங்கிவிட்டன.

ஜெசி படுக்கை விரிப்பைக் கொண்டோடினாள். காற்று அதைப் பிடுங்கி வேலியில் போட்டது. பிறகு சின்யோரா பழைய கடற்கரைக் குடையை இழுத்து வந்தார், நீலமும் வெள்ளையும். நான் கம்பைப் பிடிக்க, ஜெசி கல் வைக்க, சின்யோரா நின்று கட்டளை போட. முழங்கால் உயரச் செடிக்கு மூன்று பேர். குடை ஒருக்காச் சுழன்று சின்யோராவையும் சேர்த்து மூடியது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். ஜெசியும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

ஏப்ரல் 19

காற்று நின்றது. ஒரு தடி கருகிவிட்டது. மற்றவை தப்பின.

ஏப்ரல் 27

இரண்டு விதமாக வளர்கிறது. ஒரு பக்கத் தடிகள் குட்டை, இலைக்காம்புக்கு ஐந்து இலை. மற்றப் பக்கம் ஒன்று மட்டும் சவுக்கு மாதிரி நீண்டு, வெளிர்ப் பச்சை, ஏழு இலை. கிழவர் வந்து பார்த்தார். நீண்டது காட்டு ரோசாவாகத்தான் இருக்கும், பிடுங்கி எறியுங்கள், உரத்தையெல்லாம் அதுதான் தின்னும் என்றார். சின்யோராவும் ஓம் என்ற மாதிரி.

ஜெசி கையை விரித்துக் குறுக்கே நின்றுவிட்டாள்.

"ஒருக்கா அவசரப்பட்டு வெட்டினது காணும். ரெண்டும் பூக்கட்டும், பாத்திட்டு வெட்டுவம்."

நான் சொல்ல, சின்யோரா யோசித்தார். சரி என்றார். கிழவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மே 4

குட்டைத் தடியில் மொட்டு. ஒன்றே ஒன்று. பச்சைக்குள் ஒரு கோடு மட்டும் ரோஸ் நிறம். சின்யோரா ஒரு நாளைக்கு எத்தனை தரம் இறங்கி வருகிறார் என்று கணக்கில்லை. முழங்கால் நோவு என்று படியிறங்காமல் இருந்த மனுசி.

ஜெசி இத்தாலியன் பழகுகிறாள், அவரிடமே. தண்ணி, வெயில், முள்ளு, கவனம். எல்லாம் தோட்டத்துச் சொற்கள். பஸ்ஸில் ரிக்கற் வாங்க இன்னும் தெரியாது.

மே 11

ஞாயிறு. வெயில் இளசு. கடல் தகடு.

பூத்துவிட்டது. அதுவேதான், பழைய ரோசா.

கதவைத் திறக்கவே மணம் வந்தது. கராம்பும் தேயிலையும் போல, அதற்குள் ஏதோ பழ வாசமும். எண்ண முடியாத இதழ்கள், நடுவில் சுருண்டு. சின்யோரா முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார், கண்ணை மூடி. பிறகு ஜெசியின் தலையைப் பிடித்து அவளுடைய முகத்தையும் அங்கே கொண்டுபோனார். என்னைக் கூப்பிட ஒருவருமில்லை, நானாகப் போய் மணந்தேன்.

நீண்ட தடியில் இன்னும் மொட்டே இல்லை. அதை என்ன செய்வதென்று ஒருவரும் கதைக்கவில்லை.

சின்யோரா பூவை வெட்டச் சொன்னார். வெட்டி உள்ளே கண்ணாடிக் குவளையில் வைக்கவேணும், இந்த வெயிலில் மத்தியானமே உதிர்ந்துவிடும், எனக்குத் தெரியும் என்று. ஜெசிக்கு விளங்கிவிட்டது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்கிறதுக்குள்ளேயே சொன்னாள்.

"நோ."

சின்யோரா திரும்பிப் பார்த்தார். நானும்தான். இந்த நாட்டில் அவள் ஒருவருக்கும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"நோ, சின்யோரா. இஞ்சையே நிக்கட்டும்."

பாதி இத்தாலியன், பாதி தமிழ். ஒரு பயமும் இல்லை குரலில். சின்யோரா இடுப்பில் கைவைத்து, ஜெசியை மேலும் கீழும் பார்த்தார். 

பிறகு என்னைப் பார்த்து, அப்படியென்றால் இரண்டு கதிரை கொண்டுவா என்றார்.

கொண்டுவந்து ரோசாவுக்கு முன்னால் போட்டேன், இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். ரெஸ்டோரண்டுக்குப் பிந்திவிட்டது.