இரண்டு ஆள் வேலை

12 ஜனவரி 2025, ஞாயிறு

பார்சல் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் என்னுடையது போலவே ஒரு எஸ்டீம் காரைப் பந்தயத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் கழற்றி விற்ற காய்லோவர் செட். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாய்ச் சேர்ந்தது, சக்கரத்துக்கு ஒன்று. உடம்பெல்லாம் மரை. வளையத்தைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். எல்லோரும் வண்டியைத் தாழ்த்தத்தான் இதை மாட்டுகிறார்கள். நான் உயர்த்தப் போகிறேன். டிரெய்லர் ஓடி ஓடிப் பள்ளமான எண்ணூர் சாலையில் தாழ்த்தி எங்கே ஓட்டுவது?

பழைய ஷாக் நான்கிலும் எண்ணெய் கசிகிறது. இருபது வருஷத்து வண்டி, ஒரிஜினல் இனி வராது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். இதையெல்லாம் என் மனைவி ஜெஸ்லினிடம் சொல்லலாம். சொல்லவில்லை.

13 ஜனவரி

ஜெஸ்லின் கூப்பிட்டாள். டப்ளினில் விடாத மழையாம். "கார வித்தாச்சா?" என்றாள். "ஒருத்தன் பாத்துட்டுப் போயிருக்கான்" என்றேன்.

ஏன் பொய்?

15 ஜனவரி

பொங்கல் லீவு. ஹார்பரில் கிரேன் ஓடவில்லை. மற்ற நாட்களில் அந்தக் கேபினில் உட்கார்ந்திருப்பேன், கீழே எறும்பு மாதிரி ஆட்கள், வாக்கிடாக்கியில் மட்டும் குரல். இறங்கி வந்தால் வீடு. வீட்டில் குரலே கிடையாது.

ஜெஸ்லின் டப்ளினுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம். முதலில் அவள், பிறகு மகள் ஷெர்லின், அப்புறம் நான் என்று பேச்சு. ஷெர்லினும் போய்விட்டாள். என்னுடைய விசாவும் அக்டோபரில் வந்துவிட்டது. அங்கே நான் என்ன வேலை செய்வேன் என்று கேட்டால், "வாங்க, பாத்துக்கலாம்" என்கிறாள். டிக்கெட் போட வேண்டியது நான்தான். காரை விற்றதும் போடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

19 ஜனவரி, ஞாயிறு

முன்பக்கம் இடது சக்கரத்தில் ஆரம்பித்தேன். கல்மண்டபத்து உப்புக்காற்று போல்ட்டை எல்லாம் தின்று வைத்திருக்கிறது. துருவை இளக்குகிற எண்ணெய் அடித்து, ஊறவைத்து, ஸ்பேனருக்குப் பைப் மாட்டி மேலே ஏறி நின்றேன். ஒன்று கழன்றது. இன்னொன்று அசையவில்லை. தோள் விட்டுப் போச்சு.

எதிர்வீட்டு பாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காசிமேட்டில் ஐஸ் பேக்டரியில் வேலை என்று நினைக்கிறேன். தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஐந்து வருஷமாக இதுதான் எங்கள் பேச்சு.

20 ஜனவரி

மறுபடி துரு எண்ணெய். மறுபடி அசையவில்லை.

27 ஜனவரி

நேற்று எழுத முடியவில்லை. இடது கையில் கட்டு. நல்லவேளை, எழுதுகிற கை தப்பியது.

நேற்று அந்த போல்ட் கழன்றது. பழைய ஷாக்கை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டப் போனேன். இது இரண்டு ஆள் வேலை என்று எல்லா வீடியோவிலும் சொல்லித்தான் இருந்தார்கள். ஒருவர் சக்கரப் பக்கமிருந்து அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் பானட்டுக்குள் கைவிட்டு மேலே நட்டு போட வேண்டும். நான் இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையை மேலே நீட்டினேன். எட்டவில்லை. உடம்பை வண்டியோடு சேர்த்துத் தள்ளி எக்கினேன்.

வண்டிக்கு அடியில் ஒரு பக்கம் ஸ்டாண்ட், இன்னொரு பக்கம் ஹாலோ பிளாக் கல். புத்தி இருக்கிறவன் கல்லை வைப்பானா? நான் வைத்தேன். கல் நொறுங்கி வண்டி இறங்கிவிட்டது. கழற்றிய சக்கரத்தை அடியில் தள்ளி வைத்திருந்தேன், அதன்மேல் போய் உட்கார்ந்தது. அது இல்லையென்றால் கையே போயிருக்கும். மட்கார்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரண்டு விரல்.

முதலில் வலி தெரியவில்லை. போன் திண்டின்மேல், எட்டாத தூரத்தில். எட்டினாலும் யாருக்குப் போடுவது? டப்ளினுக்கா?

கத்த வேண்டும் என்று தெரிந்தது. யார் பேரைச் சொல்லிக் கத்துவது? எதிர்வீட்டு பாய் பேர் தெரியாது. மேல்வீட்டில் யாரென்று தெரியாது. தெரு முழுக்க ஆள், ஒரு பேர்கூட என் வாயில் இல்லை. கடைசியில் "யாராவது... யாராவது வாங்களேன்" என்றுதான் கத்தினேன். பிச்சைக்காரன் மாதிரி இருந்தது எனக்கே.

எதிர்வீட்டு அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தார். "அல்லா, இன்னா சார் இது... ஜாக்கி எங்க கீது?" காட்டினேன். எங்கே முட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டிபோட்டு, லீவரை அடித்தார். வண்டி எழும்பியது. விரல் வெளியே வந்தது. அப்போதுதான் வலித்தது.

அவர் பேர் கௌசர். பாய் பேர் சுஹைப். ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் சுஹைப்தான். நடுவிரலில் எலும்பு முறிவு, மோதிர விரலில் தையல்.

திரும்பி வரும்போது சுஹைப் கேட்டார்: "கூப்ட்டா வந்துருப்பேன்ல சார். அன்னிக்கு வாசல்லயேதான் நின்னுகினு இருந்தேன்."



30 ஜனவரி

கௌசர் ஒரு தூக்கில் கஞ்சி கொடுத்தார். "நீ ரொம்ப படா ஆளுன்னு நெனச்சிகினு இருந்தோம் சார். யாராண்டயும் பேச மாட்டன்னு." நான் சிரித்தேன். நான் அப்படியா?

2 பிப்ரவரி

வீடியோ காலில் கையைக் கீழேதான் வைத்திருந்தேன். டம்ளரை எடுக்கும்போது ஷெர்லின் பார்த்துவிட்டாள். "அப்பா, கையில என்ன கட்டு?"

சொன்னேன். காய்லோவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஜெஸ்லின் போனை வாங்கினாள். திட்டுவாள் என்று பார்த்தால் குரல் உடைந்துவிட்டது. "அங்க நீங்க செத்துக் கெடந்தா எனக்கு யாருங்க சொல்லுவா?"

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அக்கா நம்பர் குடுங்க" என்றாள். கொடுத்தேன். வண்டியை ஏன் விற்கவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

9 பிப்ரவரி, ஞாயிறு

சுஹைப் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் இரவல் வாங்கி வந்தார். நொறுங்கிய கல்லைக் கௌசரே தூக்கிக் குப்பையில் போட்டார்.

சுஹைப் கீழே பிடித்தார், நான் ஒற்றைக் கையால் மேலே நட்டு போட்டேன். "போட்டியா?" "போட்டாச்சு." "அடுத்தது?" "ம்." முன்பக்கம் இரண்டும் அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நினைக்கவேயில்லை. போன மாசமெல்லாம் நான் மல்லுக்கட்டிய வேலை. நடுவில் டீ. பின்பக்கம் இரண்டும் அடுத்த ஞாயிறு.

17 பிப்ரவரி

நேற்று பின்பக்கமும் முடிந்தது. இன்று வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு எண்ணூர் வரை போய்வந்தேன். விரல் மடங்கவில்லை, ஸ்டியரிங்கை உள்ளங்கையால் திருப்பினேன். பழைய லொடலொடப்பு இல்லை. பள்ளத்தில் இறங்கினால் ஒரே ஒரு அடி, அதோடு சரி. வளைவில் சாய்வதே இல்லை.

எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்து சீட்டில் ஹெல்மெட்டும் பழைய துணியும்.

23 பிப்ரவரி

ஜெஸ்லின் இன்று சுற்றி வளைக்கவில்லை. "காரப் பத்திக் கேக்கல. நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?"

"தெரியல."

"அக்டோபர்லேந்து இதையேதான் சொல்றீங்க."

அந்தப் பக்கம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. அது அடங்கியது.

"வரல, ஜெஸ்லின்."

சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. தனக்கு அங்கே ஒரு வாழ்க்கை ஆகிவிட்டது, ஷெர்லினுக்கும் ஆகிவிட்டது, விட்டுவிட்டு வர முடியாது என்றாள். "உன்ன நான் வரச் சொல்லலையே" என்றேன்.

"ஆமா. ஒரு தடவகூட சொல்லலையேங்க."

அதற்குமேல் என்ன பேசினோம் என்று எழுத வரவில்லை. சண்டை இல்லை. சண்டை போட்டிருக்கலாம்.

24 பிப்ரவரி

வேலைக்குப் போனேன். வந்தேன்.

1 மார்ச்

கிரேனில் இன்று ஒரு கன்டெய்னரை வேறு லாரிமேல் இறக்கப் போய்விட்டேன். கீழேயிருந்து வாக்கிடாக்கியில் கத்தினார்கள். இறங்கியதும் சூப்பர்வைசர், "இன்னா ஜேக்கப், வூட்ல எதுனா பேஜாரா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு ஒன்றுமில்லாமல் இல்லை என்றும் சொன்னேன். ஒரு நாள் லீவு கொடுத்தார்.

8 மார்ச்

நோன்புக் கஞ்சி. தினமும் வருகிறது. இன்று தூக்கைக் கழுவிக் கொடுக்கப் போனபோது கௌசர் போனில் யாரிடமோ, "ஆமாம்மா, நேரத்துக்குத் துண்றாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். ஜெஸ்லின். "கை எப்படி இருக்கு?" "மடங்குது." "சரி."

16 மார்ச்

ஷெர்லின் ஜூலையில் ஒரு மாசம் வருகிறாளாம். தனியாக. அவளேதான் கேட்டாளாம். அவள் அறையில் இருக்கிற டயர், பெயின்ட் டப்பாவை எல்லாம் எடுக்க வேண்டும்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். பிரியாணி. சாயங்காலம் முகத்துவாரக்குப்பம் போகலாமா என்று சுஹைப் கேட்டார். முன்னால் அவர், பின்னால் கௌசர், அவருடைய அம்மா, இரண்டு மகள்கள். புதுத்துணி வாசம் வண்டி முழுக்க.

முதல் வேகத்தடையிலேயே பின்னால் கரகரவென்று உரசியது. "அண்ணே, இன்னாவோ உரசுது. நாங்க வெயிட்டு போல" என்றார் கௌசர். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த பள்ளத்தில் மறுபடி. டயர் மட்கார்டில் இடிக்கிறது. முன்பக்கத்தை மட்டும்தான் நல்ல உயரம் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தை அளந்தபோது வண்டியில் என்னைத் தவிர ஆள் ஏறும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஊர்ந்துதான் போனோம். முகத்துவாரத்தில் நல்ல காற்று. பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு மணலோடு ஏறினார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம்.

வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு ஜாக்கி போட்டேன். சுஹைப் டார்ச் பிடித்தார். பின்பக்க வளையம் இரண்டையும் திருகி இரண்டு விரல் உயர்த்தினேன். ஆள் இல்லாமல் பார்த்தால் வண்டி இப்போது முன்னால் குனிந்த மாதிரி நிற்கிறது. இருக்கட்டும்.